ஆந்தூரியத்துக்குத் தொட்டி மாற்றிய ஆடி

பிள்ளைகளின் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு அம்மா கேட்டிருந்தார்: வீட்டுக்குள் வைக்கிற செடிக்கு எப்போது தொட்டி மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்? அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. வேர் அடியில் எட்டிப் பார்த்தால் உடனே மாற்றுங்கள் என்றார் ஒருவர். எட்டிப் பார்த்தாலும் பூ இருக்கும்போது தொடாதீர்கள் என்றார் இன்னொருவர். ஆடியில் வைத்தால்தான் பிடிக்கும் என்று ஒருவர் சொல்ல, ஆடிப்பட்டமெல்லாம் காட்டு விதைப்புக்குத்தான், வீட்டுச் செடிக்கு மாசி பங்குனிதான் என்று வேறொருவர் மடக்கினார். ஆளுக்கொரு வீடியோவும் அனுப்பினார்கள். நானும் பதில் எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன்.

தெரியாமல் அழிக்கவில்லை. எனக்கு இப்போது ஓரளவுக்குத் தெரியும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் ஓடிவிட்டால் தொட்டிக்குள் வேர்தான் இருக்கிறது, மண் இல்லை என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டும். புதுத்தொட்டி பழையதைவிட இரண்டு விரல்கடை அகலமாக இருந்தால் போதும். பூ முடிந்த பிறகு மாற்றுவது நல்லது. அடித்துளை திறந்தே இருக்க வேண்டும், ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண்ணும் போகாது, தண்ணீரும் தேங்காது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை எழுதி அனுப்பினால், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் குழுவில் எழுதுகிற அளவுக்குச் சின்னது இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்கள் என் வயதுக்காரர்கள். முப்பத்தைந்தைத் தொட்டிருப்பீர்கள், காது ஓரத்தில் நரை தெரிந்து மறைத்துக்கொண்டிருப்பீர்கள். தலைமுடியில் பனியன் பஞ்சு ஒட்டியபடியே பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

நல்லூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர்கள். பின்பக்கம் பனியன் துணி பின்னுகிற அவர்களுடைய நிட்டிங் யூனிட், நான்கு மெஷின். காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் எங்கள் சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். பஞ்சு எங்கும் பறக்கும். கொடியில் காயும் துணியில், தயிரில், அப்பாவின் மீசையில். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் அதன் சொந்த நிறம் மத்தியானத்துக்கு மேல் இருந்ததில்லை.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டிலேயே பிசிறு வெட்டுவாள். தைத்து முடித்த பனியன்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள், தொங்குகிற நூல்முனையை எல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கத்தரி எப்போதும் அம்மாவின் கையிலோ இடுப்பிலோதான் இருக்கும். எங்கள் ஜாக்கெட்டில் நூல் தொங்கினாலும் சரி, பூச்சரத்தில் நார் நீண்டிருந்தாலும் சரி, பேசிக்கொண்டே ஒரு நறுக்கு. வீடு முழுக்கக் கட்டிங் வேஸ்ட் துணி. கரித்துணி, மிதியடி, தலையணைக்குள் அடைப்பது, ஆடுகிற பீரோவின் காலுக்கு முட்டுக் கொடுப்பது, எல்லாமே அதுதான்.

வீட்டுக்காரம்மாவின் மருமகளை நான் மேல்வீட்டு அக்கா என்பேன். காங்கேயம் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் மில். கல்யாணம் ஆகி வரும்போது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு செடியையும் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தவள். எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, விளிம்பைச் சுத்தியால் மடித்து, அதில் வைத்த ஆந்தூரியம். இலை ஒவ்வொன்றும் என் முகத்தை விடப் பெரிது. பூ சிவப்பு, மெழுகு பூசியது போல. விரலால் தட்டினால் டப் டப் என்று சத்தம் கேட்கும். டின்னின் பக்கத்தில் மூக்கை வைத்தால் இன்னும் தேங்காய் எண்ணெய் மணம்.

வீட்டுக்காரம்மாவுக்கு அந்தச் செடி பிடிக்காது. "தலையில வெக்க ஆகாது. சாமிக்கும் ஆகாது. வாசமும் இல்ல. பிளாஸ்டிக் பூவ வாங்கி வெச்சா தண்ணிச் செலவாச்சும் மிச்சம்" என்பார்.

சித்திரையில் அக்காவுக்கு ஏழாம் மாதம். பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து விருந்து போட்டு அழைத்துப் போனார்கள். கிளம்புகிற அன்று, எல்லோரும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அம்மா பதறினாள்.

"ஏனுங்க அம்மிணி, இந்த நெலமையில கனமெல்லாம் தூக்கிட்டு."

"இதென்னங்க்கா கனம். மேல வெயிலு. எங்கத்தை தண்ணி ஊத்த மாட்டாங்க. உங்க வெராண்டா நெழலா இருக்குது, இங்கயே இருக்கட்டுமுங்க." பிறகு என்னைப் பார்த்துக் குனிந்தாள். "உன்னையத்தான் நம்பிக் குடுக்கறேன் கண்ணு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி, ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்பது வயது. அதுவரை எனக்கென்று யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை.

"நல்லாப் பாத்துக்கிட்டீன்னா, நான் பாப்பாவத் தூக்கிட்டு வருவேனல்ல, மொதல்ல உன் மடியிலதான் குடுப்பேன். எங்கத்தைக்குக்கூட அப்பறந்தான்."

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. உறவில் குழந்தை பிறந்தால் தொட்டில் ஓரத்தில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. "சின்னப்புள்ள, கீழ போட்டுருவே" என்று சொல்லி எத்தனை குழந்தைகள் என் கைக்கு வராமல் போயின என்று எண்ணி வைத்திருந்தேன். ஐந்து. ஆறாவது எனக்குத்தான் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க நான் அந்தச் செடியோடுதான் இருந்தேன். புதன்கிழமை ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர். நாள்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. தினமும் சாயங்காலம் இலைகளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாக, அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு துடைப்பேன். குழந்தையின் தலையை ஏந்துவது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நிட்டிங் யூனிட்டில் வேலை செய்த திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். "ஏளா, நீ இதத் தொடைக்க தொடைல எலை தேஞ்சுதான் போகும்" என்று சிரிப்பார். ஆனியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் சேதி வந்தது. வீட்டுக்காரம்மா சர்க்கரை கொடுத்தார். அன்றைக்குச் செடியும் புதிதாக இரண்டு மொட்டு விட்டிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. டின் துருப்பிடித்து, அடிப்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை வழியாகப் பழுப்பு நிறத்தில் வேர்கள் கொத்தாக வெளியே வந்தன. தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் கீழே வந்துவிடும். வெராண்டாவின் மொசைக் தரையில் துருக்கறை வட்டமாகப் படிந்தது. வீட்டுக்காரம்மா ஒரு நாள் படியிறங்கி வந்து, அந்த வட்டத்தைக் கால் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏ அம்மிணி, போன வருசந்தான் பாலிஷ் போட்டது இது."

"ஆமாங்க்கா. நான் புளி போட்டுத் தேச்சுடறனுங்க."

"தேச்சாப் போகுமா துரு? நாளைக்கு வேற ஆளு குடி வந்தா என்ன சொல்லுவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் "வேற ஆளு குடி வந்தா" என்கிற நான்கு வார்த்தைகள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அம்மா அன்றைக்கு முழுக்கப் பிசிறு வெட்டவில்லை. புளியும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்தாள். கறை மங்கியது, போகவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். "நல்ல தொட்டியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மாத்தி வெச்சுப்போடலாம். டின்னுல குடுத்தாங்க, நாம தொட்டியில குடுத்தா மரியாதையா இருக்கும்."

"வேற ஒண்ணும் செய்யாண்டான்னு அக்கா சொன்னாங்க" என்றேன்.

"அது உனக்குச் சொன்னது" என்றாள் அம்மா.

அப்பா வாங்கிவந்தது சிமெண்டுத் தொட்டி. வெளியே சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்தது. நான் உள்ளே உட்கார்ந்தால் தோள் வரைக்கும் மறைந்துபோகும். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

"இத்தாச்சோடு பெருசு எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"வளர்ற செடிதான அம்மிணி. ரெண்டு சைஸு சேத்தி எடுத்துட்டேன். புள்ளைக்குப் பாவாடை எடுக்கற மாதிரித்தான், ரெண்டு வருசத்துக்குத் தாங்கும்."

எனக்கு எப்போதும் அப்படித்தான் எடுப்பார்கள். இடுப்பில் ஊக்குக் குத்தி, அடியில் மடித்துத் தைத்து, இரண்டு வருடம் கழித்து மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். அதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செடிக்கும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு என்று இன்றைக்கும் என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பாவாடையின் தொளதொளப்பில் தண்ணீர் தேங்காது, தொட்டியின் தொளதொளப்பில் தேங்கும். வேர் எட்டாத மண் காயவே காயாது. அதை அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்.

ஆடிப்பெருக்கு அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு வைத்தால் எதுவும் பிடிக்கும் என்று அம்மா தீர்மானமாக இருந்தாள். இரண்டு மொட்டும் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தன. அப்பா டின்னைப் பக்கவாட்டில் வெட்டிப் பிரித்தார். உள்ளே மண்ணே இல்லை. டின்னின் சதுரத்தில் வேர் பாய் முடைந்த மாதிரி இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியிலும் பக்கத்திலும் வேர்முனைகள் தொங்கின. "பிசிறாத் தொங்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தாள். டக், டக், டக். மேல் தண்டிலிருந்து காற்றில் நீட்டிக்கொண்டிருந்த தடித்த வேர்களையும் விடவில்லை. நான்கு பக்கமும் சீராக, ஏற்றுமதிக்குப் போகிற உருப்படி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

தொட்டியின் அடியில் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தரைதான் கண்ணில் நின்றிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு மெரூன் நிறக் கட்டிங் வேஸ்டை எடுத்துவந்து, நான்காக மடித்து, துளையின் மேல் பதமாக வைத்து அமுக்கினாள்.

"மண்ணு ஒரு சொட்டு வெளிய வராது பாரு" என்றாள்.

அதற்கு மேல் செம்மண், சாணக்குப்பை, செடி, மறுபடி செம்மண். அப்பா ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அம்மா குனிந்து அடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பாக இரண்டு சொட்டு வந்தது, நின்றுவிட்டது. செம்மண் நிறம் என்று நினைத்தோம். துணியின் சாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தரை சுத்தமாக இருந்தது. அம்மாவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு நிம்மதி.

பத்து நாளில் மொட்டுகள் இரண்டும் கறுத்துக் குனிந்தன. பிறகு அடி இலை ஓரத்தில் மஞ்சள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா, "தண்ணி பத்தலீங்க, பெரிய தொட்டிக்கு ஒரு டம்ளர் எப்படிப் பத்தும்" என்றார். அம்மா என்னிடம், "தினமும் ஒரு சொம்பு ஊத்து சாமி" என்றாள். அப்பா கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துக் கொண்டுவந்தார். குழாயடி அண்ணாச்சி மட்டும் இலையைப் பார்க்காமல் தொட்டியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, வேருல கோளாறு இருக்கு. தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். "இப்பத்தானுங்க மாத்துனோம், மறுக்கா எங்க புடுங்கறது" என்று அம்மா சிரித்தபடி அனுப்பிவிட்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா சொன்னது ஒரு டம்ளர். அம்மா சொல்வது ஒரு சொம்பு. காலையில் ஊற்றுவேன், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு நடுவே ஊற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வரும். நாள்காட்டியில் புள்ளி வைக்க மறந்திருப்பேன். சாயங்காலம் வந்து எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் ஊற்றுவேன். மஞ்சள் இலைகளைத் துடைக்கும்போது கையோடு வந்துவிட்டன. வெட்டிய நகத்தை ஒளிக்கிற மாதிரி அவற்றைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன்.

புரட்டாசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தொட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மண்ணைக் காணோம், செடியைக் காணோம். வீட்டுக்காரம்மா படியில் நின்றிருந்தார். அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ள ஆசையில ஊத்தி ஊத்தி அழுக வெச்சுட்டாளுங்க. நான் பிசிறு வெட்டற மும்முரத்துல கவனிக்கலீங்க்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "போய் மூஞ்சி கழுவு" என்றாள். வீட்டுக்காரம்மா என் தலையைத் தடவினார். "விடு அம்மிணி, சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும். போனாப் போவுது, பிளாஸ்டிக் பூ."

அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை டம்ளர், எத்தனை சொம்பு என்று விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வந்தது.

தீபாவளி கழிந்து அக்கா குழந்தையோடு வந்தாள். காரிலிருந்து இறங்கியதும் எங்கள் வெராண்டாவைத்தான் பார்த்தாள். அம்மா முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அதே வாக்கியம், அதே சிரிப்பு. அக்கா என்னைப் பார்த்தாள். "பரவால்ல கண்ணு" என்றாள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மறுநாள் மேலே போனேன். துணித் தொட்டிலில் குழந்தை விழித்துக் கிடந்தது. நான் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்து, பாவாடையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டேன். அக்கா பால் புட்டியைக் கழுவிக்கொண்டே என் மடியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாகட்டும் கண்ணு. கழுத்து நிக்கட்டும்."

கழுத்து நின்றது. தவழ்ந்தது. நடந்தது. அந்தக் குழந்தை தானாக நடந்து என் மடியில் வந்து விழும் வரைக்கும் யாரும் அதை என்னிடம் கொடுக்கவில்லை.

என் மகள் பிறந்தபோது, நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி நீட்டியபோது, நான் கையை நீட்டாமல் என் கணவரைப் பார்த்தேன். மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் முழு நினைவோடுதான் இருந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. பால்கனியில் என்னிடம் நான்கைந்து செடிகள் உண்டு. எதற்கும் அளந்துதான் தண்ணீர். அதில் ஒரு பீஸ் லில்லிக்கு வைகாசியில் தொட்டி மாற்றினேன். அதற்கு முந்தின வாரம்தான் தொட்டியிலிருந்து வடிந்த மண்தண்ணீர் கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை பெட்ஷீட்டில் விழுந்து, அந்த வீட்டு அம்மா மேலே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் புதுத்தொட்டியின் அடியில், மண் வழியாமல் இருக்க, கணவரின் பழைய பனியன் ஒன்றை மடித்து வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மூன்று வாரத்தில் இலைகள் துவண்டன. தண்ணீர் பத்தவில்லையோ, அதிகமோ, இடம் சரியில்லையோ என்று போனில் தேடினேன். பத்து இடத்தில் பத்து விதம். கடைசியில் எரிச்சலில் செடியைக் கவிழ்த்துக் கொட்டினேன். பனியன் பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. அழுகின முட்டை நாற்றம். அதைத் தொட்டுக்கொண்டிருந்த வேர் எல்லாம் கறுத்து, பிடித்தால் தோல் உரிந்து வந்தது. துணியைத் தொடாத பக்கத்து வேர்கள் வெள்ளையாக, கெட்டியாக இருந்தன.

பால்கனியில் உட்கார்ந்தபடியே, கையைக்கூடக் கழுவாமல், அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, மேல்வீட்டு அக்காவோட ஆந்தூரியம் ஞாபகம் இருக்குதா?"

டிவி சத்தம் குறைந்தது. "அதுக்கு இப்ப என்ன சாமி?"

"தொட்டிக்கு அடியில துணி போட்டியே. அதுதான அழுக வெச்சது?"

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்து, அடுத்து என்ன சொல்வது என்று வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கவுத்துனப்பவே தெரிஞ்சுது. துணி களியாட்டம் கெடந்துது. கையெல்லாஞ் செவப்பு, ரெண்டு நாளைக்குப் போகல."

"அப்பறம் எதுக்கு நான் தண்ணி ஊத்துனேன்னு சொன்னே?"

"ஊட்டுக்காரங்க சாமி அவங்க. கேக்காம மாத்துனது நானு, கெடுத்ததும் நானுன்னா, வேற ஊடு பாத்துக்கோன்னு சொல்லீருவாங்க. உங்கொப்பனுக்குக் கம்பெனி பக்கம், உனக்குப் பள்ளிக்கோடம் பக்கம். சின்னப்புள்ள பண்ணுச்சுன்னா யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"என்னையச் சொன்னாங்களே."

"யாரு சொன்னது? அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லலயே உன்னைய."

"பாப்பாவ எங்கிட்டக் குடுக்கலயேம்மா."

"எந்தப் பாப்பாவ?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

வைத்துவிட்டேன். கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பால்கனியைக் கழுவினேன். ஒன்பது வயதில் ஓர் ஆளை நம்பி ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள். அந்த ஆளைக் கேட்காமல் எல்லாவற்றையும் செய்கிறார்கள். கடைசியில் அந்த ஆள் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு டம்ளரையும் அளந்து ஊற்றுகிறேனே, எதற்கு?

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறைக்க வேண்டும் என்று விடவில்லை, எழுதும்போதுகூட அது என் நினைவில் அப்படித்தான் ஒதுங்கிக் கிடந்தது. கீழ்வீட்டு அம்மா பெட்ஷீட்டோடு வந்து நின்றபோது நான் சொன்னேன்: "மன்னிச்சுக்கோங்க, பாப்பா தெரியாமத் தண்ணிய ஊத்திட்டாளுங்க." பாப்பா ஊற்றவில்லை. போன் பேசிக்கொண்டே செடிக்கு நேராகக் குழாயைத் திறந்துவிட்டு மறந்தது நான். என் மகள் அப்போது என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். நான்கரை வயது.

கழுவுவதைப் பாதியில் விட்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். கீழ்வீட்டு அம்மா மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு உங்க பெட்சீட்டு மேல தண்ணி ஊத்துனது பாப்பா இல்லீங்க. நாந்தானுங்க."

"எந்தப் பெட்சீட்டுங்க? ஓ, அதுங்களா. அது தொவைச்சதும் போயிருச்சுங்க."

"இல்லீங்க, பாப்பா ஊத்தலைன்னு சொல்லத்தான் வந்தேன். நான் பொய் சொல்லீட்டனுங்க."

அவர் சிரித்தார். "அட விடுங்க. புள்ளையக் காப்பாத்த இப்படி ஒரு அம்மாவா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கலீங்க." பிறகு மாவு படாத புறங்கையால் என் மகளின் கன்னத்தைத் தட்டினார். "இனிமே ஊத்தக் கூடாது, செரியா கண்ணு?"

என் மகள் சரி என்று தலையாட்டினாள்.

மறுபடியும் இல்லீங்க என்றேன். உள்ளே குக்கர் சத்தம் போட்டது, அவர் போய்விட்டார்.

படியில் அவளை நிறுத்தி, அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "நீ ஏன் கண்ணு தலையாட்டுனே? நீ தண்ணி ஊத்தலதான?"

"ஊத்துனேன்."

"இல்ல சாமி. அம்மாதான் குழாயத் தெறந்து விட்டேன். நீ உள்ள டிவில பொம்மைப் படம் பாத்துட்டு இருந்தே."

"இல்லம்மா, நாந்தான் ஊத்துனேன். நெறைய." கொஞ்சம் பொறுமையிழந்துதான் சொன்னாள், எனக்குத்தான் மறந்துவிட்டது என்பது போல. பிறகு படியில் கால்களை அகட்டி நின்று, இல்லாத ஒரு சொம்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கி, எப்படி ஊற்றினாள் என்று எனக்குச் செய்து காட்டினாள்.